துருவை ஜெயித்த உருக்காலைத் தொழிலாளி மகன்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஆண்டு மலருக்கு விஞ்ஞானி ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னால் நம்மில் பாதிப் பேர் எடிசனிடம் போவோம், மீதிப் பேர் சர் சி.வி. ராமனிடம் போவோம். தப்பில்லை. ஆனால் நான் எடுத்துக்கொண்ட ஆள் பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். டிகிரி கிடையாது. லேபில் பாட்டில் கழுவிக்கொண்டே கெமிஸ்ட்ரி கற்றவர். காலையில் நீங்கள் டீ குடித்த டம்ளரில் இருந்து, ஆஸ்பத்திரியில் டாக்டர் கையில் இருக்கும் கத்தி வரைக்கும் அவருடைய வேலை இருக்கிறது. பெயர் ஹாரி ப்ரியர்லி. நம்ம வீடுகளில் எவர்சில்வர் என்று சொல்கிறோமே, அந்தத் துருப்பிடிக்காத எஃகின் கதையில் முதல் வரிசையில் நிற்பவர்.

1871 பிப்ரவரி 18-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் பிறந்தார். ஷெஃபீல்டு என்றால் எஃகு, எஃகு என்றால் ஷெஃபீல்டு, அப்படிப்பட்ட ஊர். நம்ம சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்பா ஜான் ப்ரியர்லி உருக்காலையில் எஃகு உருக்குபவர். களிமண் மூசையில் இரும்பைப் போட்டு, கோக் நெருப்பில் வைத்து, அது பதமாகி விட்டதா என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய வேலை. தெர்மோகப்பிள் எதுவும் அந்த ஆட்கள் கையில் கிடையாது. வீட்டில் நிறையப் பிள்ளைகள், கொஞ்சமாக இடம், அதைவிடக் கொஞ்சமாகக் காசு.

பன்னிரண்டு வயதில் அப்பா வேலை பார்த்த தாமஸ் ஃபிர்த் கம்பெனியிலேயே எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். உலைக்கு அடியில் நிலவறையில் சாம்பல், சூடு, புழுக்கம். அங்கிருந்து கெமிக்கல் லேபுக்கு மாறியதுதான் அவர் வாழ்க்கையில் விழுந்த முதல் திருப்பம். வேலை என்னவோ பாட்டில் கழுவுவதுதான். ஆனால் லேபின் தலைவர் ஜேம்ஸ் டெய்லர் நல்ல மனிதர். பையன் சூட்டிகையானவன் என்று கண்டுகொண்டு கணக்குப் படிக்கச் சொன்னார், கைவேலை பழகச் சொன்னார். ப்ரியர்லி ராத்திரிப் பள்ளிக்குப் போனார். பகலில் அமில வாசனை, ராத்திரி அல்ஜீப்ரா. நம்மில் பகுதி நேர டிப்ளமா படிக்கிற அண்ணன்மார்களுக்கு இது நன்றாகப் புரியும்.

1895-ல் ஹெலன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். 1902-ல் எஃகாலைப் பொருள்களைப் பகுத்தாய்வது பற்றி இன்னொருவருடன் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டார். பாட்டில் கழுவிய பையன் புத்தகம் போட்டான் என்றால் சும்மாவா?

1904-ல் அவரை ரீகா நகரத்துக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு லாட்வியாவின் தலைநகரம். அன்றைக்கு ரஷ்ய சாம்ராஜ்யத்தில் இருந்தது. அங்கே ஃபிர்த்துக்கு ஒரு ஆலை இருந்தது. போன மறு வருஷமே, 1905-ல், ரஷ்யா முழுக்கப் புரட்சி, வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு. அதற்கு நடுவிலும் எஃகைப் பதப்படுத்தும் வித்தையில் நல்ல தேர்ச்சி பெற்றார். குறிப்பிட்ட சூட்டில் உருகும் உப்புக் கட்டிகளை வைத்து உலையின் வெப்பத்தைச் சொல்லும் முறை ஒன்றை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. கட்டி உருகினால் சூடு வந்துவிட்டது, உருகாவிட்டால் வரவில்லை. அவ்வளவுதான் பைரோமீட்டர்! இந்த மாதிரி எளிய யோசனைகள்தான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது.

ஷெஃபீல்டுக்குத் திரும்பினதும், ஃபிர்த்தும் ஜான் பிரவுன் கம்பெனியும் கூட்டாகப் பணம் போட்டு நடத்திய பிரவுன் ஃபிர்த் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவரைத் தலைவராக்கினார்கள். 1912-ல் ஒரு பிரச்சினை வந்து சேர்ந்தது. துப்பாக்கிக் குழாய்களின் உள்பக்கம் சூடான வாயுவால் அரித்துப் போகிறது. அரிக்காத எஃகு வேண்டும். கவனியுங்கள், துருப்பிடிக்காத எஃகு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சூட்டுக்கு அரிக்காத எஃகைத்தான் கேட்டார்கள்.

குரோமியம் அதிகம் சேர்த்தால் சூடு தாங்கும் என்று நினைத்தார் ப்ரியர்லி. அளவை மாற்றி மாற்றி வார்த்துப் பார்த்தார். 1913 ஆகஸ்ட் 13-ல் மின்சார உலையில் வார்த்த ஒரு உருக்கில் கார்பன் 0.24 சதவீதம், குரோமியம் 12.8 சதவீதம். அதில் ஒரு துண்டை வெட்டி, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்காக நைட்ரிக் அமிலக் கலவையில் நனைத்தார். நம்ம மெட்டலர்ஜி லேபில் நைட்டால் போட்டு எட்ச் பண்ணுகிறோமே, அதேதான். நமக்குச் சில வினாடிகளில் மேற்பரப்பு மங்கிவிடும், கிரெய்ன் எல்லைகள் தெரியும். அவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. துண்டு கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தது. வினிகரில் போட்டார், எலுமிச்சைச் சாற்றில் போட்டார். ஊஹூம்!

குப்பைக் குவியலில் எல்லாத் துண்டும் துருப்பிடித்துக் கிடக்க, ஒன்று மட்டும் பளபளவென்று மின்னியதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதையும் உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு எட்ச் ஆகாத துண்டின் கதையில்தான் நம்பிக்கை. குப்பையில் மின்னுவதை யாரும் பார்க்கலாம். எட்ச் ஆகாத துண்டைப் பார்த்தால் நம்மில் பலர் அமிலம் பழசாகிவிட்டது என்று சொல்லி அடுத்த துண்டை எடுத்திருப்போம். அவர் அங்கே நின்று யோசித்தார்.

உள்ளே நடப்பது இதுதான். இரும்பில் சுமார் பத்தரை சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருந்தால், காற்றுப் பட்டதும் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகிறது. மயிரிழையை ஆயிரக்கணக்கில் பிளந்தால் வரும் கனம்தான். ஆனால் ஆக்சிஜனை உள்ளே விடாது. கீறினாலும் காற்று இருக்கும் வரை தானே மறுபடி மூடிக்கொள்ளும். பெயின்ட் மாதிரி மேலே பூசியது அல்ல, உலோகமே போர்த்திக்கொள்ளும் போர்வை.

குரோமிய எஃகை முதலில் கையில் எடுத்தவர் ப்ரியர்லி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1820-களிலேயே இங்கிலாந்தில் ஃபாரடேயும், பிரான்சில் பெர்தியேவும் குரோமியம் கலந்து பார்த்திருக்கிறார்கள். ஃபாரடே இந்த ஆராய்ச்சியில் இறங்கியதே நம் நாட்டிலிருந்து போன வூட்ஸ் எஃகின் ரகசியத்தைத் தேடித்தான்! அந்த வூட்ஸ் என்ற சொல்லுக்கு மூலமாகக் கன்னடத்து உக்கு, தமிழ் உருக்கு ஆகியவற்றைக் காட்டுகிறார்கள். ஈரோடு பக்கம் கொடுமணலில் பூமிக்குள்ளிருந்து எஃகு உருக்கிய மூசைகள் கிடைத்திருக்கின்றன. ப்ரியர்லியின் அப்பா செய்ததும் மூசை எஃகுதானே. ஜெர்மனியில் குருப் கம்பெனியின் ஸ்ட்ராஸ், மாரர் இருவரும் 1912-லேயே நிக்கலும் குரோமியமும் சேர்ந்த எஃகுக்குப் பேடன்ட் கேட்டிருந்தார்கள். அமெரிக்காவில் ஹேய்ன்ஸ் என்பவரும் அதே பாதையில் இருந்தார். ஆக, யார் முதல் என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. இந்த எஃகு சாப்பாட்டு மேஜைக்கு வர வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர் யார் என்று கேட்டால், அதற்கு என் ஓட்டு ப்ரியர்லிக்குத்தான்.

ஷெஃபீல்டு கத்தி செய்யும் ஊர். அந்தக் காலத்துக் கத்திகளைச் சாப்பிட்டவுடன் கழுவித் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். இந்த எஃகில் கத்தி செய்யலாமே என்று கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி அசையவில்லை. கத்திக்காரர்களிடம் மாதிரி கொடுத்துப் பார்த்தார்கள். அடிக்க வரவில்லை, கூர் நிற்கவில்லை என்று பதில் வந்தது. துருப்பிடிக்காத கத்தி செய்யப் பார்த்து வெட்டாத கத்தி செய்துவிட்டார் என்று ஊரில் கேலி வேறு! விஷயம் என்னவென்றால், சாதாரணக் கார்பன் எஃகை எண்ணூறு டிகிரி சென்டிகிரேடுக்குப் பக்கத்தில் சூடேற்றிக் குளிர்வித்தால் கடினமாகிவிடும். இதற்கு ஆயிரம் டிகிரி வேண்டும். பழைய கைப்பழக்கம் புது உலோகத்துக்குச் செல்லவில்லை.

கடைசியில் ஆர்.எஃப். மோஸ்லி கம்பெனியின் மேலாளர் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் கை கொடுத்தார். முதலில் அவருக்கும் சரிப்படவில்லை. ப்ரியர்லியே பட்டறையில் கூட நின்று சூட்டைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கத்தி கத்தியாக வந்தது. ப்ரியர்லி வைத்திருந்த பெயர் துருப்பிடிக்காத எஃகு. வினிகரில் போட்டுக் கறை படியாததைப் பார்த்து, கறைபடாத எஃகு என்ற பொருளில் ஸ்டெயின்லெஸ் என்று பெயர் வைத்தவர் ஸ்டூவர்ட். அந்தக் கத்திகள் செய்த போர்ட்லண்ட் ஒர்க்ஸ் கட்டடம் இன்னமும் ஷெஃபீல்டில் நிற்கிறது. உள்ளே சிறு பட்டறைகள் நடக்கின்றன.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய பகுதி. கண்டுபிடிப்பு யாருடையது? ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்ததில் தனக்கும் பங்கு உண்டு என்பது ப்ரியர்லியின் எண்ணம். சம்பளம் கொடுத்தது நாங்கள், ஆகவே சொத்து எங்களுடையது என்பது கம்பெனியின் நிலை. பேச்சு முற்றி, வேலையை விட்டுவிட்டு 1915-ல் பிரவுன் பெய்லி எஃகாலையில் சேர்ந்தார். நாற்பத்து நாலு வயசு. லேபையே உருவாக்கியவர் அதை விட்டு வெளியே வருவதென்றால் சும்மா இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் டிப்ளமா முடித்துச் சேர்ந்த ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) ஒரு ஃபிக்ஸ்சர் வடிவமைத்தார். நேரம் பாதியாகக் குறைந்தது. பாராட்டு விழாவில் அவர் பின் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். அவர் இன்னும் அதே இடத்தில்தான் வேலை பார்க்கிறார்; வீட்டுக் கடன் இருக்கிறது. அதனால் எல்லோரும் ப்ரியர்லி மாதிரி ராஜினாமாக் கடிதம் நீட்டலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வேலையில் சேரும்போது நீட்டுகிற காகிதத்தில் கண்டுபிடிப்பு, பேடன்ட் என்று ஏதாவது பாரா இருந்தால் கையெழுத்துக்கு முன் படித்துவிடுங்கள். அது மட்டும் போதும்.

ப்ரியர்லி சும்மா இருக்கவில்லை. 1916-ல் அமெரிக்கப் பேடன்டை வாங்கினார். பிறகு ஃபிர்த்தோடும் ஒரு மாதிரி சமாதானமாகி 1917-ல் ஃபிர்த் - ப்ரியர்லி என்று இரண்டு பெயரும் சேர்ந்த சிண்டிகேட் உண்டானது. இதற்கிடையில் முதல் உலகப் போர். கத்தி, முள்கரண்டி எல்லாம் அப்புறம், முதலில் விமான எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு என்று எஃகு முழுவதும் அங்கே போய்விட்டது. 1920-ல் அவருக்குப் பெஸ்ஸமர் தங்கப் பதக்கம் கிடைத்தது. எஃகுக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

ஒரு வேடிக்கை பாருங்கள். ப்ரியர்லியின் எஃகு கத்திக்கு அருமையானது, ஆனால் அதில் பாத்திரம் செய்ய முடியாது. ரொம்ப விறைப்பு. தகட்டை அச்சில் வைத்து ஆழமாக இழுத்தால் கிழிந்துவிடும். பாத்திரத்துக்கு வேண்டிய எஃகில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம்; நிக்கல் சேர்ந்தால் உலோகம் இழுத்த இழுப்புக்கு வரும். அந்த 18/8 கலவையை 1924-ல் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படுகிற ஹாட்ஃபீல்டு யார் தெரியுமா? ப்ரியர்லி விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தவர்!

இந்த இடத்தில் கொஞ்சம் வண்டியை நிறுத்திப் பாத்திரக் கடைக்குள் நுழைவோம். ரூம் எடுத்துத் தங்கிச் சமைக்கிறவர்கள் நம்மில் நிறைய. வேலைக்குப் போனால் இன்னும் நிறையப் பேர் ஆவோம். ஒரே ஒரு கைப்பிடி வைத்த சாஸ்பேன் இருந்தால் காலையில் பால், டீ, மத்தியானம் ரசம், ராத்திரி உப்புமாவோ நூடுல்ஸோ எல்லாம் ஓடிவிடும். அலுமினியம் மலிவுதான், புளி, தக்காளி போட்டால் அரிக்கும், கறுக்கும். எவர்சில்வர் அந்த வம்புக்கே போகாது. ஆனால் எந்த எவர்சில்வர்?

கடையில் எல்லாமே ஒரே மாதிரிதான் மின்னும். 304 என்றோ 18/8 என்றோ போட்டிருந்தால் அது ஹாட்ஃபீல்டு குடும்பம். 202 என்றால் நிக்கலைக் குறைத்து அதற்குப் பதில் மாங்கனீஸ் சேர்த்தது. விலை குறைவு, துருவைத் தாங்கும் சக்தியும் குறைவு. 430 என்பதில் நிக்கல் அநேகமாக இல்லை, காந்தம் நன்றாக ஒட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் காட்டுவார். பாதிதான் உண்மை. 202-லும் காந்தம் ஒட்டாது. 304-லும் அழுத்தி வளைத்த மூலையில் லேசாக ஒட்டும். அதனால் காந்தம் வைத்து 202-ஐயும் 304-ஐயும் பிரிக்கவே முடியாது. அடியில் பொறித்த எண்ணையும் பில்லையும்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது அடி. எவர்சில்வருக்குள்ள பெரிய குறை வெப்பம் கடத்தாதது. ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: செம்பு 400-க்குப் பக்கம், அலுமினியம் 235, 304 எஃகு வெறும் 16. வாட், மீட்டர், கெல்வின் கணக்கில். அதனால்தான் மெல்லிய ஒற்றைத் தகட்டுப் பாத்திரத்தில் தீ படுகிற வட்டத்தில் மட்டும் பால் அடிபிடிக்கிறது. இதற்கு வழி, எஃகுக்கு நடுவில் அலுமினியத்தை வைத்து ஒட்டுவது. அடியில் மட்டும் வட்டத் தகடாக வைத்தால் சாண்ட்விச் பாட்டம். சுவர் முழுக்க மூன்று அடுக்காக வந்தால் ட்ரைப்ளை. உள்ளே சமையலுக்கு 304, நடுவில் சூட்டைப் பரப்ப அலுமினியம், வெளியே இன்டக்‌ஷன் அடுப்புக்காகக் காந்தம் ஒட்டும் 430. ஒரே பாத்திரத்தில் மூன்று உலோகமும் அதனதன் வேலையைச் செய்கின்றன. இந்தப் பாத்திரத்தை வடிவமைத்த இன்ஜினியர்களுக்கு நான் சலாம் போடுகிறேன். காசு இருந்தால் ட்ரைப்ளை, இல்லாவிட்டால் கனமான சாண்ட்விச் அடி. பால், ரசம், டீ போன்ற தண்ணீர்ச் சமையலுக்கு அதுவே தாராளம். தண்ணீரே சூட்டைக் கலக்கிவிடும்.

அளவு? உள்விட்டம் 18 செ.மீ., உயரம் 8 செ.மீ. என்றால் πr²h போட்டுப் பாருங்கள், சுமார் 2 லிட்டர். இரண்டு மூன்று பேருக்குப் போதும், பொங்குவதற்கும் இடம் இருக்கும். ஸ்டீல் ஸ்கேலை அடியில் வைத்துப் பாருங்கள், வெளிச்சம் தெரிந்தால் இன்டக்‌ஷனில் ஆடும். உள்ளே சுவரும் அடியும் சேரும் மூலை வளைவாக இருக்கட்டும், கரண்டி போய்த் துழாவும். கைப்பிடி ரிவெட் போட்டதா, ஸ்பாட் வெல்ட் வைத்ததா என்று பாருங்கள். ரிவெட் உறுதி, ஆனால் அதன் தலையைச் சுற்றி அழுக்குச் சேரும், தேய்க்க வேண்டும். நான் ரிவெட்டுக்குக் கட்சி. இரண்டு லிட்டர் கொதிக்கிற ரசத்தோடு கைப்பிடி கையில் வந்துவிட்டால் அப்புறம் சுத்தம் பற்றிப் பேசி என்ன?

வாங்கின பிறகு ஒரு விஷயம். பச்சைத் தண்ணீரில் கல்லுப்பைப் போட்டு அப்படியே விடாதீர்கள். அடியில் தங்கும் உப்பின் குளோரைடு அந்த மெல்லிய படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். கொதி வந்ததும் போட்டுக் கிளறினால் கரைந்துவிடும். வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தால் பயப்படாதீர்கள், சூட்டில் படலம் தடித்திருக்கிறது. கொஞ்சம் வினிகர் போட்டுத் துடைத்தால் போய்விடும். ப்ரியர்லி சோதனை செய்த அதே வினிகர்!

சரி, மனிதரிடம் திரும்புவோம். பிரவுன் பெய்லியில் 1925-ல் டைரக்டர் ஆனார். அதற்குள் பணம், பெயர் இரண்டும் வந்துவிட்டன. ஆனாலும் அவர் எழுதியவற்றில் பட்டறைக்காரர்களுக்குத்தான் மரியாதை. 1933-ல் எஃகு செய்பவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் தன் அப்பா மாதிரி கண்ணால் பார்த்துப் பதம் சொன்ன ஆட்களின் திறமையைப் பதிவு செய்தார். லேப் ரிப்போர்ட்டை மட்டும் நம்புகிறவர்களிடம் அவருக்குக் கடைசி வரை ஒரு சந்தேகம் இருந்தது. இத்தனைக்கும் அவரே லேப் தலைவராக இருந்தவர்!

1939-ல் ஷெஃபீல்டு நகரம் அவருக்குக் கௌரவக் குடிமகன் உரிமை கொடுத்தது. 1941-ல் முடிச்சுப் போட்ட கயிறு என்று பொருள்படும் பெயரில் தன் வரலாற்றை வெளியிட்டார். அதே வருஷம் ஃப்ரெஷ்கேட் என்ற அறக்கட்டளையை ஷெஃபீல்டில் நிறுவினார். வசதி குறைந்தவர்களுக்குத் தனக்குக் கிடைக்காத வாய்ப்புகள் கிடைக்கட்டும் என்பதற்காக.

1948 ஜூலை 14-ல், டெவன் கடற்கரையில் டார்க்கி என்ற ஊரில் காலமானார். வயது எழுபத்தேழு. பிரவுன் பெய்லி ஆலை பிற்காலத்தில் மூடப்பட்டுவிட்டது. 2013-ல், எட்ச் ஆகாத அந்தத் துண்டுக்கு நூறு வயது ஆனபோது, ஷெஃபீல்டில் ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க ப்ரியர்லியின் உருவத்தை வரைந்தார்கள்.